அப்பா சேர்த்துவைத்த பேஸ்பால் கார்டுகளை எப்படி விற்பது

டப்பாவைத் திறந்து பார்த்ததுமே ஈபேயில் விலை தேடத் தோன்றும், இல்லாவிட்டால் அப்படியே காரில் போட்டுப் பக்கத்து ஊர் கார்டு கடைக்கு எடுத்துப் போகத் தோன்றும். இரண்டையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். ஐம்பது அறுபது வருஷமாகப் பரணில் கிடந்த கார்டுகளுக்கு இன்னும் ஒரு மாதம் கிடந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் என்ன இருக்கிறது என்று தெரியாமலே மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிட்டால் அதை யாராலும் சரிசெய்ய முடியாது. என் மாமனார் பிட்ஸ்பர்க் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர், சின்ன வயதிலிருந்தே பைரட்ஸ் அணி என்றால் உயிர். அவர் பெரிய வீட்டை விட்டுச் சின்ன வீட்டுக்கு மாறியபோது அவருடைய கார்டுகளை விற்றுக்கொடுக்கும் பொறுப்பு என் மனைவிக்கும் எனக்கும் வந்தது. அமெரிக்காவில் இருக்கும் நம் குடும்பங்கள் நிறையப் பேருக்கு இது ஒருநாள் வரும், மாமனார் வழியாகவோ, எழுபதுகளில் இங்கே வந்து மெல்ல பேஸ்பால் பைத்தியமாகிப்போன சொந்த அப்பா வழியாகவோ. கிரிக்கெட் மட்டுமே தெரிந்தவர்களும் செய்யக்கூடிய வேலைதான் இது, அதனால் அடியிலிருந்தே சொல்கிறேன்.

பெரியவர் உயிரோடு இருந்தால் முதலில் அவரோடு உட்காருங்கள். கார்டைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், விற்பதில் அவருக்கு உண்மையிலேயே சம்மதம்தானா, எதையெல்லாம் விற்கக்கூடாது என்று கேளுங்கள். அப்புறம் மற்றதெல்லாம்: சிறுவனாக இருந்தபோது கடையில் பபிள்கம் பாக்கெட்டோடு வாங்கியவை எவை, பெரியவரானபின் காசு கொடுத்துத் தனித்தனியாக வாங்கியவை எவை, ரசீது ஏதாவது இருக்கிறதா? இதில் இரண்டாவது வகை முக்கியம், பெரியவராகி வாங்கியவர்கள் பெரும்பாலும் நல்ல ஆட்டக்காரர்களாகப் பார்த்துத்தான் வாங்கியிருப்பார்கள், வரிக்கணக்குக்கும் அந்த ரசீது வேண்டும். அண்ணன் தம்பி அக்கா தங்கை இருந்தால் அவர்களுக்கும் இப்போதே சொல்லிவிடுங்கள். விற்றுமுடித்து, பணம் வந்தபின் சொல்லும் செய்தி எந்தக் குடும்பத்திலும் நல்லபடியாகப் போய்ச் சேர்வதில்லை.

அடுத்தது கையாளும் விதம். கட்டுக்கட்டாக ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தால் இழுத்துக் கழற்றாதீர்கள், பழைய ரப்பர் கார்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும், கத்தரிக்கோலால் வெட்டி மெதுவாக எடுங்கள். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் போதும். துடைப்பது, அழிப்பான் போட்டுத் தேய்ப்பது, வளைந்த கார்டைக் கனமான புத்தகத்துக்கு அடியில் வைப்பது, தேய்ந்த மூலையைச் சீராக்குகிறேன் என்று ஓரத்தை வெட்டுவது, இது எதுவும் கூடவே கூடாது. ஓரம் வெட்டிய கார்டை இந்தக் கார்டு உலகத்தில் பாதி செத்ததாகத்தான் கருதுவார்கள். பழங்கால ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னரின் டி206 என்ற வகைக் கார்டு, 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டில் வந்தது, பேஸ்பால் கார்டுகளிலேயே பேர்போனது. அதில் மிகப் பிரபலமான ஒரு பிரதியின் ஓரத்தைத் தான் வெட்டியதாக ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மாஸ்ட்ரோவின் பேர் இன்றுவரை அந்தக் கார்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, இப்போது பிரிக்கும் வேலை. பெரிய மேஜையைத் துடைத்துவிட்டு, ஆட்டக்காரர் பேரைப் பார்க்காமல், வருஷம் பார்த்துப் பிரியுங்கள். விலையைத் தீர்மானிக்கும் முதல் விஷயம் வருஷம்தான். எப்படிக் கண்டுபிடிப்பது? கார்டின் பின்பக்கம் ஆட்டக்காரரின் வருஷவாரிக் கணக்கு அச்சடித்திருப்பார்கள், அதில் கடைசி வரியில் உள்ள வருஷத்தோடு ஒன்றைக் கூட்டினால் பெரும்பாலும் கார்டு வந்த வருஷம் கிடைத்துவிடும், சீசன் தொடங்கும்போதே கார்டு வந்துவிடுவதால் முந்தைய வருஷக் கணக்குதான் அதில் இருக்கும். சில வருஷங்களில் முழுக் கணக்கு இல்லாமல் ஒரே வரி போட்டிருப்பார்கள். அப்போது ஆட்டக்காரர் பேரையும் கார்டு எண்ணையும் போட்டுத் தேடினால் படம் வந்துவிடும், முன்பக்க வடிவத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு அளவுகோலும் பக்கத்தில் இருக்கட்டும். 1957-லிருந்து டாப்ஸ் என்ற கம்பெனியின் கார்டு 2½ அங்குலத்துக்கு 3½ அங்குலம், இன்றுவரை அதே அளவு. 1952 முதல் 1956 வரை அதைவிடக் கொஞ்சம் பெரிது, 2⅝-க்கு 3¾. சிகரெட் கார்டுகள் ரொம்பச் சின்னவை. அளவு ஏன் முக்கியம் என்றால், 1952 டாப்ஸ் கார்டுகளை டாப்ஸ் நிறுவனமே 1983-ல் மறுபதிப்பாக அச்சிட்டு விற்றது, அவை இன்றைய அளவில் இருக்கும், பின்பக்கம் மறுபதிப்பு என்றும் போட்டிருக்கும். அந்த வருஷத்தில் மிக விலையுள்ள மிக்கி மேன்டில் கார்டு கிடைத்துவிட்டது என்று குதிப்பதற்கு முன்னால் அளவுகோலை வைத்துப் பாருங்கள்.

பிரித்தபின் மூன்று குவியல் வரும், மூன்றுக்கும் தலைவிதி வேறு.

1980-களின் நடுவிலிருந்து 1990-களின் தொடக்கம் வரை வந்தவைதான் பெரும்பாலான வீடுகளில் மலைபோல் இருக்கும், அழகாக அடுக்கி, சில பெட்டிகள் பிரிக்காமலே இருக்கும். மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள், இவற்றுக்கு அநேகமாக விலையே கிடையாது. 1980 வரை இந்தச் சந்தையில் டாப்ஸ் ஒன்றுதான் பெரிய ஆள். ஃப்ளீர் நிறுவனம் வழக்குப் போட்டு வழி திறந்ததில் 1981-ல் ஃப்ளீர், டான்ரஸ் இரண்டும் களத்தில் இறங்கின, பின்னால் ஸ்கோர், அப்பர் டெக் எல்லாம் வந்தன. அந்தச் சமயத்தில்தான் அப்பாக்களின் பழைய கார்டுகள் ஆயிரக்கணக்கில் விலை போகும் செய்தி பரவி, ஊரே கார்டு வாங்கிப் பத்திரப்படுத்த ஆரம்பித்தது, கம்பெனிகளும் அதற்கேற்ப அச்சடித்துத் தள்ளின. எல்லோரும் பத்திரமாக வைத்திருக்கும் பொருளுக்கு எங்கிருந்து விலை வரும்? மரச்சட்டம் போட்ட மாதிரி ஓரம் உள்ள 1987 டாப்ஸ் முழு செட்டே, 792 கார்டும் சேர்த்து, நல்ல ஹோட்டலில் ஒருவர் சாப்பிடும் காசுக்குக் கிடைக்கும். பிள்ளைகளின் காலேஜ் செலவுக்கு ஆகும் என்று நினைத்துச் சேர்த்த அப்பாக்கள் எத்தனையோ பேர், அவர்களிடம் இதைச் சொல்லும்போது பார்த்துச் சொல்லுங்கள், அவர்கள் ஏமாளிகள் இல்லை, அன்றைக்கு நாடே அப்படித்தான் நம்பியது. இந்தக் குவியலிலும் தனியே எடுத்துவைக்க வேண்டியவை உண்டு: 1989 அப்பர் டெக் முதல் எண் கென் கிரிஃபி ஜூனியர், அப்பர் டெக்கின் எஸ்பி என்ற 1993 செட்டில் டெரெக் ஜீட்டர், 1990 டாப்ஸில் முன்பக்கம் பேர் அச்சாகாமல் வந்த ஃபிராங்க் தாமஸ், அப்புறம் டிஃபனி என்று அழைக்கப்படும் பளபளப்பான டாப்ஸ் சிறப்புப் பதிப்பு. இவையும் பெரும்பாலும் புத்தம்புது நிலையில் இருந்தால்தான் நல்ல காசு.

எழுபதுகளிலிருந்து எண்பதுகளின் தொடக்கம் வரை நடுக்குவியல். சாதாரண ஆட்டக்காரர்களுக்குச் சில்லறைதான், ஆனால் பெரிய ஆட்டக்காரர்களின் ரூக்கி கார்டுகள், அதாவது அவர்களுடைய முதல் கார்டுகள், தனித்தனியாக விலைபோகும். 1973-ல் மைக் ஷ்மிட், 1975-ல் ஜார்ஜ் பிரெட், ராபின் யவுன்ட், 1979-ல் ஆஸி ஸ்மித், 1980-ல் ரிக்கி ஹெண்டர்சன், இந்தப் பேர்களைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1970-க்கு முந்தையவைதான் நிஜமான சொத்து, இந்தக் குவியலில் ஒவ்வொரு கார்டையும் பார்க்க வேண்டும். மேன்டில், வில்லி மேஸ், ஹாங்க் ஆரன், ஜாக்கி ராபின்சன், டெட் வில்லியம்ஸ், சாண்டி கோஃபாக்ஸ், ராபர்ட்டோ கிளெமென்டே என்று பேர் கண்ணில் பட்டால் தனியே வைத்துவிடுங்கள், எவ்வளவு கசங்கியிருந்தாலும். பேர் தெரியாமல் தாண்டிப்போகக்கூடிய கார்டுகளும் இருக்கின்றன. பீட் ரோஸின் 1963 ரூக்கி கார்டில் நான்கு பேரின் சின்னச் சின்ன முகங்கள் இருக்கும், அதில் ஒருவர் அவர். நோலன் ரையனின் 1968 கார்டில் ஜெர்ரி கூஸ்மனோடு பாதி இடம்தான் அவருக்கு. கிளெமென்டே கார்டுகளில் 1957 முதல் 1969 வரை டாப்ஸ் அவர் பேரை ‘பாப்’ கிளெமென்டே என்றுதான் அச்சிட்டது, ஆகவே ஈபேயில் தேடும்போது இரண்டு பேரையும் போட்டுத் தேடுங்கள். என் மாமனார் மாதிரி பிட்ஸ்பர்க்காரர்களிடம் கிளெமென்டே கட்டாயம் இருக்கும். நிகராகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் விழுந்து 1972 டிசம்பர் 31 அன்று இறந்தவர் அவர், அந்த ஊரில் இன்றைக்கும் அவர் பேரைச் சொன்னால் குரல் மாறும். விற்கக்கூடாத கார்டு எது என்று மாமனாரிடம் கேட்டதற்குக் கிடைத்த பதிலும் கிளெமென்டேதான்.

இப்போது நிலை. ஒரே கார்டு நிலையைப் பொறுத்து முப்பது டாலருக்கும் போகும், மூவாயிரத்துக்கும் போகும். மேஜை விளக்கைப் போட்டுக் கார்டை அதன் கீழே மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்க்கும்போது தெரியாத மடிப்புக்கோடு சாய்த்தால் முடி மாதிரி ஒளிரும். மாமனாரின் 1960 கிளெமென்டே முன்பக்கம் கடையில் நேற்று வாங்கியது போல் இருந்தது, சாய்த்தபோதுதான் மேல் மூலையிலிருந்து குறுக்கே ஓடும் கோடு தெரிந்தது. பின்பக்கம் ஒரு கூட்டல் கணக்கு, பென்சிலில், சிறுபிள்ளைக் கையெழுத்து. மூலைகள் கூராக இருக்கின்றனவா, நீள ஓரத்தின் நடுவில் ரப்பர் பேண்டு அழுத்திய பள்ளம் இருக்கிறதா, படம் நடுவாக அச்சாகியிருக்கிறதா அல்லது ஒருபக்கம் வெள்ளை ஓரம் தடித்து மறுபக்கம் மெலிந்திருக்கிறதா, பின்பக்கம் பபிள்கம் கறையோ ஆல்பத்தில் ஒட்டிப் பிய்த்த தடமோ இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். 1952 டாப்ஸின் முதல் கார்டு ஆண்டி பாஃப்கோ. அப்படியொன்றும் பெரிய ஆட்டக்காரர் இல்லை, ஆனாலும் நல்ல நிலையில் கிடைத்தால் பெரிய விலை. பையன்கள் கார்டுகளை வரிசையாக அடுக்கி ரப்பர் பேண்டு போட்டால் மேலே இருப்பது அவர்தானே, அடி முழுக்க அவருக்குத்தான். அதே செட்டின் 311-வது கார்டு மேன்டில். அந்த எண்கள் சீசன் கடைசியில்தான் வந்தன, அப்படி விலைபோகாமல் தேங்கிய பெட்டிகளைப் படகில் ஏற்றிக் கடலில் கொட்டியதாக டாப்ஸின் சை பெர்கரே சொல்லியிருக்கிறார். அந்த மேன்டிலின் மிக நல்ல பிரதி ஒன்று 2022 ஆகஸ்டில் ஹெரிட்டேஜ் ஏலத்தில் 1.26 கோடி டாலருக்குப் போனது. இந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் எல்லோரும் பரணில் ஏறுகிறார்கள். உங்கள் டப்பாவில் அது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் கிழிந்த நிலையில் இருந்தாலும் பல ஆயிரம் டாலர் பெறும், அதனால்தான் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்கிறேன்.

தனியே எடுத்த கார்டுகளை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதற்குமேல் டாப் லோடர் என்ற கெட்டி உறையில் வையுங்கள், இரண்டும் விலை மலிவு. எழுபது எண்பதுகளின் மிருதுவான வினைல் ஆல்பத் தாளில் இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள், அந்தத் தாள் எண்ணெய் கசிந்து கார்டில் ஒட்டும். நான்கு மூலையிலும் திருகாணி போட்டு இறுக்கும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் சட்டத்தில் இருந்தாலும் வெளியே எடுத்துவிடுங்கள். முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுத்து, வருஷம், கம்பெனி, எண், பேர் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் பின்னால் எந்தக் கடைக்காரரோடு பேசினாலும் உங்கள் பலம் அந்தப் பட்டியல்தான்.

விலை பார்ப்பதற்கு ஈபேயில் விற்பனைக்குப் போட்டிருக்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஆசைக்கு யார் வேண்டுமானாலும் ஆயிரம் கேட்கலாம். விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி தேடல் பக்கத்திலேயே இருக்கிறது, அதைப் போட்டு, உங்கள் கார்டின் நிலையை ஒத்த நான்கைந்து விற்பனையைப் பாருங்கள். பேரம் பேசி முடிந்த விற்பனையில் கோடு போட்டு அடித்த விலை தெரியும், அது உண்மையில் கைமாறிய தொகை இல்லை, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கிரேடிங் பற்றி எல்லோரும் கேட்பார்கள். இதற்கென்றே இருக்கும் கம்பெனிகள் கார்டு அசல்தானா என்று பார்த்து, ஒன்றிலிருந்து பத்துக்குள் மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தருவார்கள். அவற்றில் 1991-ல் தொடங்கிய பி.எஸ்.ஏ. தான் பெரியது, எஸ்.ஜி.சி.க்குப் பழைய கார்டுகளில் நல்ல பேர். கார்டின் மதிப்பு கூடக்கூடக் கட்டணமும் கூடும், கார்டு திரும்பிவர வாரங்களும் ஆகும் மாதங்களும் ஆகும். என் கணக்கு எளிது: கிரேடு செய்யாமல் விற்றால் வரும் விலைக்கும், நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய மதிப்பெண்ணில் விற்றால் வரும் விலைக்கும் உள்ள வித்தியாசம் கட்டணத்தைப்போல் மூன்று மடங்காவது இருந்தால் அனுப்புங்கள், இல்லையென்றால் வேண்டாம். மதிப்பெண்ணை யூகிக்கும்போது உங்கள் மனசு சொல்வதிலிருந்து இரண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். 1970-க்கு முந்தைய பெரிய ஆட்டக்காரர் என்றால் மதிப்பெண் மூன்றே வந்தாலும் கிரேடு செய்வது நல்லது, வாங்குபவருக்கு அசல் என்ற நம்பிக்கை வரும். 1987 டாப்ஸை அனுப்பினால் நஷ்டம்தான். அனுப்பும்போது டாப் லோடரில் வைக்காமல், கார்டு சேவர் எனப்படும் சற்று வளைந்துகொடுக்கும் உறையில் வைத்து அனுப்ப வேண்டும்.

விற்கும் இடங்களில் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். பல ஆயிரம் டாலர் பெறும் கார்டுகள் இருந்தால் ஏலக்காரர்களிடம் போங்கள். டல்லஸில் ஹெரிட்டேஜ், நியூஜெர்சியில் ராபர்ட் எட்வர்ட், கோல்டின் என்று பேர்பெற்ற இடங்கள் இருக்கின்றன. போட்டோ அனுப்பினால் பார்த்துச் சொல்வார்கள், அதற்குக் காசு கிடையாது. வாங்குபவரிடம் அவர்கள் தனியாக ஒரு சதவீதம் வாங்குவதால் உங்களிடம் வாங்கும் கமிஷனைப் பேசிக் குறைக்க இடமுண்டு, கார்டு பெரிதாக இருந்தால் கமிஷனே வேண்டாம் என்று கேட்டுப் பார்க்கலாம், தப்பில்லை. ஐம்பதிலிருந்து ஆயிரம் டாலருக்குள் உள்ளவற்றை ஈபேயில் நீங்களே விற்கலாம், ஈபே எடுத்துக்கொள்ளும் கட்டணம் 13 சதவீதம் சுற்றி ஆகும். கார்டில் உள்ள குறையை மறைக்காமல், சாய்த்து எடுத்த போட்டோவோடு போடுங்கள். திருப்பி அனுப்பும் தொல்லை அதனாலேயே பாதி குறையும். புதிதாகக் கணக்கு தொடங்கியவர்கள் முதல் வாரமே மேன்டிலைப் போடாதீர்கள், சின்னக் கார்டுகள் சிலதை விற்று நல்ல பேர் வாங்கியபின் பெரியதைப் போடுங்கள்.

உள்ளூர்க் கடைக்காரர் ஈபே விலையில் பாதியோ கொஞ்சம் மேலோ கொடுப்பார். வாடகை, தேக்கம் எல்லாம் அவர் தலையில், அதனால் அது அநியாயம் இல்லை. ஆனால் நல்ல நாலு கார்டை மட்டும் பார்த்துவிட்டு ‘டப்பா மொத்தத்துக்கும் இவ்வளவு, இப்போதே ரொக்கம்’ என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எங்களுக்கும் ஒருவர் அப்படித்தான் சொன்னார், அவர் கை அந்த ஒரு கட்டை விட்டு நகரவே இல்லை. மனைவி பட்டியலை எடுத்து விரித்ததும் பேச்சே மாறிப்போனது. குறைந்தது மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள், டப்பாவை ஒருநாள் வைத்துவிட்டுப் போகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹோட்டல் ஹால்களில் நடக்கும் கார்டு ஷோக்களில் ஒரே கூரைக்கடியில் பத்து வியாபாரிகளைப் பார்க்கலாம், வருஷத்துக்கு ஒருமுறை கோடையில் நடக்கும் நேஷனல் மாநாடு இதிலேயே பெரியது.

தபாலில் அனுப்பும்போது டாப் லோடரை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து டேப் ஒட்டிப் பெட்டியில் அனுப்புங்கள், வெறும் கவர் வேண்டாம். ரொம்ப விலையுள்ளதற்கு அமெரிக்கத் தபால் துறையின் ரெஜிஸ்டர்டு மெயில் மெதுவானது ஆனால் பத்திரமானது, 50,000 டாலர் வரை காப்பீடு உண்டு.

வரி விஷயத்தை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. அப்பா இறந்தபின் வாரிசாக வந்த கார்டு என்றால், அவர் இறந்த தேதியில் இருந்த சந்தை மதிப்புதான் உங்கள் அடக்கவிலை, அதற்குமேல் வரும் லாபத்துக்குத்தான் வரி. உயிரோடு இருக்கும்போது பரிசாகக் கொடுத்தால் அவர் அன்றைக்குக் கொடுத்த ஐந்து காசுதான் உங்கள் அடக்கவிலையும், கிட்டத்தட்ட முழுத்தொகையும் லாபமாகிவிடும். சேகரிப்புப் பொருள்களின் நீண்டகால லாபத்துக்கு மத்திய அரசு வரி 28 சதவீதம் வரை போகலாம். எங்கள் மாதிரி, பொருள் இன்னும் அவருடையதாகவே இருந்து நீங்கள் விற்றுமட்டும் கொடுக்கிறீர்கள் என்றால், ஈபே கணக்கை அவர் பேரிலேயே தொடங்கிப் பணத்தை அவர் வங்கிக்கே போகவிடுங்கள். உங்கள் பேரில் விற்றால் வரித்தாளும் உங்கள் பேரில்தான் வரும். பெரிய தொகை என்றால் விற்பதற்கு முன்பே ஒரு கணக்காளரைப் பாருங்கள்.

கடைசியில் யாரும் வாங்காத எண்பதுகளின் பெட்டிகள் மிஞ்சும். வீடு காலி செய்யும் விற்பனையில் பெட்டி பத்து டாலர் என்று எழுதிப் போட்டால் எடுத்துப்போக ஆள் வரும், பள்ளிக்கூடத்துக்கோ லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அணிக்கோ கொடுத்தால் பிள்ளைகள் பிரித்து விளையாடும். கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பெட்டிகளையும் ஒருமுறை கடைசி அடுக்கு வரை புரட்டிப் பாருங்கள், கார்டுகளைப் பத்திரப்படுத்தும் அப்பாக்கள் நல்ல கார்டைச் சாதாரணக் கார்டுகளுக்கு நடுவில் சொருகிவைப்பது உண்டு.